மாமனுக்கு முதல் பங்கு

எங்கள் வீட்டில் இப்போது இரண்டே பேர், நானும் அக்கையும். சிறு வயதில் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். ஊரும் பள்ளிக்கூடமும் அவரை ஆண்பிள்ளை என்றே நினைத்திருந்தன. அப்படியில்லை என்பது அவருக்கு அப்போதே தெரியும். எங்களுக்குத் தெரிய நெடுங்காலம் பிடித்தது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. ஆனா அக்கை எண்டு எழுது" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடம் போவதில்லை. அதன் நடையைப் பழித்து, போனில் படம் பிடித்து, வகுப்புப் பெடியள் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து அக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். கதைக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக் கிணற்றடி ஞாபகம் வந்துவிடும்.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அக்கைக்குப் பதினான்கு வயது இருக்கும். படிப்பில் அவர்தான் முதல். வாத்தியாராக வரவேண்டும் என்று ஆசை. வீட்டில் என்னைப் பலகைக்கு முன்னால் இருத்தி, அப்பாவின் பழைய சால்வையைத் தோளில் சேலைபோலப் போட்டுக்கொண்டு, ரீச்சர் மாதிரிப் படிப்பிப்பார். எனக்கு அது வலு இயல்பாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெடியளுக்கு அப்படி இருக்கவில்லை. அவர் வாசலில் கால் வைத்தாலே, "அக்கை வாறா, வழி விடுங்கோடா!" என்று ஒருவன் கத்துவான். மற்றவர்கள் குனிந்து கும்பிடுவார்கள். மரியாதை கொடுக்கிறார்கள் என்று நான் பெருமைப்பட்டேன்.

அந்த மாதம்தான் தொண்டைமானாற்றில் சித்தப்பாவின் மகள் வயதுக்கு வந்து, சாமத்தியச் சடங்கு நடந்தது. தாய்மாமன் முதல் தண்ணீர் வார்க்க, பெரியவர்கள் ஒவ்வொருவராக அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துத் தலையில் வைக்க, அவள் புதுச்சேலையில் அம்மன்போல இருந்தாள். பலகாரம் தின்று எனக்கு வயிறு நொந்தது. பெரியபிள்ளையாவதைவிட நல்ல காரியம் உலகத்தில் இல்லை என்ற முடிவோடு வீடு வந்தேன்.

பிறகு ஒருநாள் இடைவேளையில் கிணற்றடியில் மேளச்சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், தகரப்பேணியில் தட்டுகிறார்கள். நடுவில் அக்கை. கழுத்தில் பூவரசம்பூ மாலை. பத்தாம் வகுப்பு நெட்டைப் பெடியன் ஒருவன் வாளியைத் தூக்கினான்.

"நான்தான்ரா தாய்மாமன்! முதல் தண்ணி என்ரை!"

தலையில் ஊற்றினான். மற்றவர்கள் வரிசையாக வந்து, கரும்பலகையில் எழுதும் வெண்கட்டித் தூள் கரைத்த தண்ணீரில் புல்லைத் தோய்த்து அவர் தலையில் வைத்தார்கள். சிலேற்றுப் பலகையில் ஆலாத்தியும் எடுத்தார்கள். எல்லாம் சரியான முறைதான். ஒன்றும் குறையவில்லை.

நான் அங்கே நிற்கவில்லை. இப்படி ஒரு நல்ல செய்தியை வீட்டுக்கு முதலில் சொல்வது நானாக இருக்க வேண்டாமா? ஒழுங்கை நெடுகக் கத்திக்கொண்டு ஓடினேன். "எங்கடை அண்ணை பெரியபிள்ளையாயிட்டார்! சடங்கு நடக்குது!"

வேலியோரம் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார். அம்மா என்னை உள்ளே இழுத்து, "ஆர் செய்தது? என்னென்ன செய்தவை?" என்று மெல்லக் கேட்டார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். மாமன் நின்றதையும் சொன்னேன்.

அக்கை நனைந்தபடியே அழுதுகொண்டு வந்தார். தலைமயிரில் புல் ஒட்டியிருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் துவட்டினார். அப்பாதான் கத்தினார்.

"காணும் இந்தப் படிப்பு! நாளைக்குத் தொடக்கம் தோட்டத்துக்கு வரட்டும். மண்வெட்டி பிடிச்சால் எல்லாம் சரியாப் போகும்."

அக்கை புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, றங்குப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அப்பாவின் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது.

விடியக் காலையில் அடுப்படியில் நல்லெண்ணெய் மணம். அம்மா உழுத்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார். பெரியபிள்ளையானவளுக்குக் கொடுக்கிற களி. பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் விட்டு, ஒரு பெரிய சட்டி நிறைய. முதல் உருண்டையில் குழி செய்து, எண்ணெய் விட்டு, அக்கையின் கையில் வைத்தார். அக்கை அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அப்பா.

"சடங்கு செய்தவைக்குச் சாப்பாடு குடுக்காமல் விடுற வழக்கம் எங்களிட்டை இல்லை" என்றார் அம்மா. அப்பா மண்வெட்டியை எடுத்தார். தனியாகத் தோட்டத்துக்கு நடந்தார்.

அம்மா வெளியார் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று கதைக்கிறவர். அன்றைக்குச் சட்டியை இடுப்பில் வைத்து, ஒரு பக்கம் அக்கை, ஒரு பக்கம் நான் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். மணி அடிக்கவில்லை. பெடியள் வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"தம்பியவை, நேற்று உங்களிலை ஆர் மாமன்?"

கூட நின்றவர்களே நெட்டையனை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

"கையை நீட்டு ராசா. மாமனுக்குத்தான் முதல் பங்கு."

அவன் நீட்டினான். களி சூடாக இருந்தது. கீழே போடவும் ஏலாமல், வாயில் வைக்கவும் ஏலாமல் நின்றான். அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அவன் தின்றான்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டே?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"என்ரை பிள்ளைக்குத் தண்ணி வார்த்தனி. இனி நீ மாமன். தாய்மாமன் எண்டால் சும்மாவே? இனி ஆரும் பிள்ளையிலை கை வைச்சால் நான் உன்னட்டைத்தான் கேப்பன்."

அம்மா ஒருவரையும் விடாமல் எல்லோருக்கும் கொடுத்தார். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் அழுதுகொண்டே தின்றான். விறாந்தையில் நின்ற பெரிய வாத்தியார் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நக்கல் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். 'அக்கை' என்று கத்துவது கடைசிவரை இருந்தது. ஆனால் ஒருவரும் அவரில் கை வைக்கவில்லை. வைக்கப் போனால் நெட்டையன், "விடுங்கோடா, அந்த மனிசி திரும்பவும் சட்டியோடை வந்திடும்" என்பானாம். அப்பா மண்வெட்டிக் கதையைப் பிறகு எடுக்கவேயில்லை. அக்கை படித்து முடித்தார். கொழும்புக்குப் போனார், கனகாலம் கழித்துச் சேலையோடு திரும்பி வந்தார். அது வேறு கதை.

களி கொடுத்த அன்று பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் இரண்டு பேரும் நடந்து வந்தோம். எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை.

"சாமத்தியம் எண்டால் சந்தோசமெல்லோ? நேற்று ஏன் அண்ணை அழுதனியள்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சந்தோசந்தான் தங்கச்சி. ஆனா உப்பிடி இல்லை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. புதுச்சேலை இல்லை, பாலுக்குப் பதிலாக வெண்கட்டித் தண்ணீர், பலகாரமும் இல்லை. யாருக்குத்தான் அழுகை வராது?

"நீங்கள் அழாதையுங்கோ. நான் வளர்ந்தாப்போலை புதுச்சேலை வாங்கித் தாறன். நல்ல பாலிலை செய்வம்."

அவர் நின்று என்னைப் பார்த்தார். கண் கலங்கச் சிரித்தார். வீட்டுப் படலை வரும்வரை என் கையை விடவேயில்லை. ஒரு சேலைக்கு இவ்வளவு சந்தோசமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.