மலை பூட்டு

துபாயில், அல் குசைஸ் சூப்பர்மார்க்கெட்டில் உறைமீன் பெட்டியைத் திறந்ததும் எழுந்த குளிர் வாடை, ஏழு மாத வயிற்றோடு நின்ற என்னை வட நோர்வேயின் மீன்பிடி ஊர் ஒன்றுக்குக் கொண்டுபோயிற்று. அங்கே மீன் தொழிற்சாலையில் வேலைசெய்த அப்பாவின் கையுறைகளில் எப்போதும் இந்த வாடைதான், மார்கழியில் நண்பகலும் இருட்டாயிருக்கும், காற்று யன்னலை உரசிக்கொண்டே இருக்கும், காலைத் தேநீருக்கு முன்பே பெரியவர்கள் தொலைபேசியில் ஒருவரையொருவர் விசாரிப்பது, "மலை திறந்திருக்கோ?" என்றுதான். பனி கொட்டினால் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள். எங்கள் தமிழ்க் குடும்பங்கள் அதை "மலை பூட்டு" என்றன. ஆஸ்பத்திரி மலைக்கு அப்பால் இருந்தது.

அம்மாவுக்கு மாதம் நிறையுமுன் வலி வந்த அன்றும் மலை பூட்டு. பக்கத்து வீட்டு ரதி அன்ரி வயிற்றைக் காட்டி, "உந்தக் குளிருக்கை வாறதுக்கு இவருக்கு என்ன அவசரமாம்?" என்று அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அப்பா பனி தள்ளும் வண்டிக்காரர்களை மீண்டும் மீண்டும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்.

"திறப்பு ஆரிட்டை இருக்கு, அப்பா?" என்று கேட்டேன். பூட்டென்றால் சாவி இருக்கும், அந்தத் திறப்பு கிடைத்தால் போதும் என்று நம்பினேன்.

"ஒருத்தரிட்டையும் இல்லை, பிள்ளை."

தம்பி பிறந்தான். மூச்சுவிடச் சிரமப்பட்டு, மலை திறக்கும் முன்பே அடங்கிவிட்டான்.

இங்கே ஆஸ்பத்திரி இரண்டு சிக்னல் தள்ளித்தான். ஆனாலும் காரில் பெட்ரோல் இருக்கிறதா என்று கணவரைத் தினமும் கேட்கிறேன். தொந்தரவு செய்கிறேனோ என்றும் யோசிக்கிறேன். "ஃபுல் டாங்க் அடிச்சாச்சு, கலாஸ், விஷயம் முடிஞ்சது" என்று அவர் சிரிக்கிறார்.

தொழிற்சாலையை மூடியபின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஒஸ்லோவுக்குப் போய்விட்டன. அந்த ஊரில் எங்கள் ஆட்களில் இப்போது தம்பி மட்டும்தான் இருக்கிறான்.