மேஸ்திரி பூசிய குரல்

டாக்டருக்குக் கைராசி என்று யாரும் சொன்னதில்லை. ஊசி போட்டால் வலிக்கும். கையெழுத்தோ கோழி கிளறிய குப்பை. அவருக்கு இருந்தது வாய்ராசி. அரசு ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பிரிவில் பதினோரு வருஷம், நாளைக்கு நூற்றைம்பது பேர் பார்த்தார். வந்தவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள், "சொல்லுங்க, கேக்குறேன்" என்பார். பெரிய பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆழமான குரல். அதைக் கேட்டதும் பாதி நோய் எழுந்து போய்விடும், மீதிக்குத்தான் மாத்திரை.

எத்தனை நாளாக என்று கேட்டால் எல்லோரும் குறைத்தே சொல்வார்கள் என்பது அங்கே அவர் கற்ற பாடம். "ரெண்டு நாள்னா ரெண்டு வாரம்னு எழுதிக்கோ. ரெண்டு வாரம்னு சொன்னா, கூட வந்தவங்களக் கேளு" என்று புதிதாக வரும் டாக்டர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு வருஷம் ஊரெங்கும் வாந்தி பேதி. வானொலி நிலையம் பேச ஆள் கேட்டது. போக வேண்டிய பெரிய டாக்டருக்கு அன்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொள்ள, இவரைத் துரத்தினார்கள். எழுதிக் கொடுத்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தார். "தண்ணியக் கொதிக்க வைங்க. கொதிக்கிறதுன்னா சும்மா சுடுறது இல்ல. பாத்திரம் உங்களப் பாத்துத் திட்டணும், அந்த அளவுக்கு."

மறுநாள் வரிசையில் நின்ற ஒரு அம்மா, "எங்க வீட்டுப் பாத்திரம் நல்லாவே திட்டுச்சு டாக்டர்" என்றாள். அந்த ஒரு வரியில் ஆள் விழுந்துவிட்டார். அடுத்த வருஷமே ஸ்டெதஸ்கோப்பை மேஜை இழுப்பறைக்குள் சுருட்டி வைத்துவிட்டு வானொலிக்கே போனார். பதினேழு வருஷம் ஓடிப்போயிற்று.

வானொலியில் அவருக்கு வலது கை ஒலிப்பதிவாளர். டாக்டர் அவருக்கு வைத்த பெயர் மேஸ்திரி. சுவரில் விரிசல் கண்டால் கொத்தனாருக்குக் கை அரிக்குமே, அப்படி இவருக்குக் குரலில் ஒரு பிசிறு கேட்டால் போதும். இருமல், கனைப்பு, எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டுவார். கரகரப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவார். ஒரு சொல் நொண்டினால் பழைய பதிவிலிருந்து அதே சொல்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒட்டுவார். தினமும் வருகிற "சொல்லுங்க, கேக்குறேன்" பத்து வருஷத்துக்கு முன்னால் பதிந்தது. டாக்டருக்கு முடி நரைத்தது, அந்த வரிக்கு நரைக்கவில்லை.

பேசி முடித்ததும் டாக்டர் கிளம்பிவிடுவார். தன் குரலை அவர் கேட்பதெல்லாம் ஒலிபரப்பில்தான், காபி டம்ளரும் கையுமாக. கேட்டுவிட்டு, "பரவால்ல, இன்னும் ஓடுது வண்டி" என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொள்வார்.

அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு ஆளை அரை நிமிஷம் கேட்டால் போதும், அந்த ஆளாகவே பேசுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் கச்சேரி நடந்தது. மூக்கால் பேசும் கல்லூரி முதல்வர் வந்துபோனார், டிக்கெட் டிக்கெட் என்று பஸ் கண்டக்டர் ஏறி இறங்கினார், போனை வைக்கத் தெரியாத அத்தை வந்தாள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

"அடுத்து, அப்பா!" என்றாள் மகள்.

வாயைத் திறந்தாள். உப்புத்தாளைச் சுவரில் தேய்த்த மாதிரி ஒரு குரல் வந்தது. நாலு சொல்லுக்கு ஒரு கனைப்பு. வாக்கியத்தின் கடைசியில் காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை.

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் மகளைப் பார்க்கவில்லை, கணவரின் கழுத்தைப் பார்த்தாள்.

"என்னடி இது, தவளைக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி? இதா என் குரல்?"

"காலையில கண்ணாடியத் தேடுறப்ப இப்படித்தான்ப்பா கத்துனீங்க."

"போடி வாயாடி." எழுந்து போய் ரேடியோவைத் திருகினார். மறு ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. தேன் வழிந்தது. "கேளு. காத நல்லாக் கழுவிட்டுக் கேளு."

மகள் கேட்டாள். "அது நீங்க இல்லப்பா. அது ரேடியோ. நான் வீட்ல இருக்கிறவரத்தான் செஞ்சேன்."

"இவ இதுவரைக்கும் யாரையும் தப்பா செஞ்சதில்லையே" என்றாள் அம்மா மெதுவாக. எழுந்து தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் நேராக மேஸ்திரியின் அறைக்குப் போனார். "நீ கை வைக்கிறதுக்கு முன்னாடி இருந்ததப் போடு."

"அது எதுக்கு டாக்டர்? குப்பை."

"குப்பையத்தான் கேக்குறேன்."

மேஸ்திரி தயங்கித் தயங்கிப் போட்டார். போன வாரத்துப் பதிவு. அதற்கு முந்திய வாரம். இன்னும் முந்தியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ ஒரு நோயாளி எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. நல்ல குரலைத் தேடி வாரம் வாரமாகப் பின்னால் போனார்கள். அது கிடைத்தபோது மேஸ்திரியின் விரல்கள் பதினாறு வாரம் எண்ணியிருந்தன.

"நாலு மாசமாய்யா பூசிட்டிருக்க?"

"ஏசி காத்துன்னு நெனச்சேன் டாக்டர். அப்புறம் வெயில்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"டாக்டர்கிட்ட போயி உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு யாரு சொல்லுவா? உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?" மேஸ்திரி பதிவை நிறுத்தினார். "நல்லாத்தானே செஞ்சேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம், காது மூக்கு தொண்டை பார்க்கும் பழைய வகுப்புத் தோழரின் கிளினிக். மகள் கூட வந்தாள்; மேஸ்திரியின் அறையில் எண்ணிய கணக்கை முந்தின ராத்திரியே அப்பா வீட்டில் சொல்லியிருந்தார். வாசல் கவுண்டரில் பதிவு எழுதும் பெண், பக்கத்தில் சின்ன ரேடியோ. உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மூணு வாரத்துக்கு மேல தொண்டை கட்டிருந்தா, ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க" என்றது ரேடியோ, வழவழவென்று.

டாக்டர் குனிந்து பெயரைச் சொன்னார்.

"கேக்கல சார், கொஞ்சம் சத்தமா."

இன்னொரு தரம் சொன்னார்.

"கொஞ்சம் இருங்க சார், ரேடியோ டாக்டர் பேசுறாரு. இது முடியட்டும்."

மகள் வாயைத் திறந்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

உள்ளே தோழர் பழைய கிண்டலோடு வரவேற்றார். "வாடா பெரிய மனுஷா. ஊரே ஒன் பேச்சக் கேக்குது, நீ எங்கிட்ட வந்திருக்க. எத்தனை நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும்" என்றார் டாக்டர்.

தோழரின் பேனா நின்றது. ஒரே ஆஸ்பத்திரியில் தொழில் பழகியவர்கள். அவர் டாக்டரை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"பதினாறு வாரம், அங்கிள்." அந்தக் குரல் யாருடையதும் இல்லை, அவளுடையதுதான்.

தோழர் கிண்டலை நிறுத்திவிட்டு, தொண்டைக்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியைச் சூட்டில் காட்டினார். "நாக்க நீட்டு. ஆன்னு சொல்லு."

டாக்டர் சொன்னார். காற்றுதான் வந்தது. தோழர் பார்த்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், விளக்கை இழுத்து நெருக்கமாக வைத்துக்கொண்டார், மறுபடி பார்த்தார்.

முதல் தரம் பார்ப்பது நோயாளிக்காக. இரண்டாம் தரம் பார்ப்பது, கண்டதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க; அது டாக்டருக்குத் தெரியும். ஆயிரம் பேருக்கு அவரே அப்படிப் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு அந்தப் பானைக் குரலில் ஏதாவது சொல்லியிருக்கிறார்.

தோழர் விளக்கை அணைத்தார். மேஜையைச் சுற்றி வந்து, நாற்காலியை டாக்டரின் முழங்கால் படுமளவுக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார் டாக்டர். "கேக்குறேன்."