குங்குமம் வைத்த கட்டர்

என் வீட்டுக்காரருக்கு மெல்லிய ஒயரும் வேலிக்கம்பியும் ஒன்றுதான். எல்இடி விளக்குகளை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருப்பது என் பொழுதுபோக்கு. அவற்றின் கால்களை நறுக்க நான் வாங்கி வைத்த மூன்று கட்டர்களையும் கோழிக்கூண்டுக்குக் கொண்டுபோய், வாயைப் பொக்கையாக்கிவிட்டார் மனிதர். மூன்றாவது போனபோது இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியின் முகப்பில் ஓடும் விளக்கு போட்டுத் தருவதாக தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் வாய் விட்டுவிட்டேன். எங்கள் லயத்து வீடுகளெல்லாம் சிரித்தன. எரியாவிட்டால் அடுத்த பூஜை வரைக்கும் சிரிப்பார்கள்.

பிரிஞ்சாங் டவுனில் ஹார்ட்வேர் கடை பாய் பெரிய கட்டர் ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இத எடுங்க லா, ஆணியவே வெட்டும்."

"ஆணி வெட்டுற ஆளு வீட்ல இருக்காரு பாய். அவருக்கு இது. எனக்குச் சின்னது காட்டுங்க."

சின்னவற்றை ஒவ்வொன்றாக மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். வாயின் நடுவே வெளிச்சம் கசிந்தால் அது ஆகாது. ஐந்தாவதில் கசியவில்லை. என் தலைமுடி ஒன்றை வைத்து அழுத்தினேன், சத்தமில்லாமல் துண்டானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயும் வாங்கித் தாடியில் ஒரு முடியை வெட்டிப் பார்த்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதற்குப் போகுமுன் பிடுங்கிக்கொண்டேன்.

பூஜை அன்று விளக்குச் சரத்தில் கடைசி டயோடு ஒன்றின் கால்களை மட்டும் நறுக்காமல் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் சாமி படத்தின் முன்னால் கொழுந்துக் கத்தரி, பாராங் கத்தி, மோட்டார் சைக்கிள் சாவி, அவருடைய பெரிய கட்டர், அதன் பக்கத்தில் என் கட்டர். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து சூடமும் காட்டியாகிவிட்டது.

"பெருசும் சிறுசும் ஜோடியா இருக்கட்டும்னு வெச்சேன்," என்றார் வீட்டுக்காரர், முகமெல்லாம் பூரிப்பாக.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. டயோடின் நீட்டிக்கொண்டிருந்த கால் பக்கத்துக் காலில் முட்டி, ஓட வேண்டிய விளக்கு முழித்துக்கொண்டு நின்றது. வெளியே லோரிக்கு வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் ஜன்னலோரம் அவருடைய நகவெட்டி கண்ணில் பட்டது. அவர் பல வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் நகவெட்டி. அவர் லோரிக்குப் பூ வாங்கப் போயிருந்தார். டயோடின் தடித்த கால்களில் வைத்து ஓங்கி அழுத்தினேன்.

சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று விளக்கு லோரி முகப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. சிரித்தவர்களெல்லாம் விசிலடித்தார்கள். கிராணி கைப்பேசியில் படம் பிடித்தார். ஊர் பார்க்கிறதே என்ற கூச்சமில்லாமல் நான் நடுரோட்டில் ஓர் ஆட்டம் போட்டேன்.

மறுநாள் கட்டரை எடுத்துத் துடைத்தேன். ஒரு கீறல் இல்லை. ஜன்னலோரம் நகம் வெட்ட உட்கார்ந்தவர், நகவெட்டியை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"வெளிச்சம் தெரியுது பாரு," என்றார், அழாத குறையாக.

மூன்று கட்டர் போன வயிற்றெரிச்சல் எனக்கு அன்றைக்குத்தான் தீர்ந்தது.