லாரியில் ஏறாத கிழவி

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் எங்கள் ஜீப்பில், கூட வேலை செய்யும் பெண்கள் தினமும் என்னிடம் கதை கேட்பார்கள். மலை வளைவுகளில் புத்தகத்தைத் திறந்தால் குமட்டும். அதனால் வீட்டில் படித்ததை வாயால் சொல்வேன்.

அந்த வாரம் ஒரு நாவல். காற்றைக்கூட அரசாங்கம் அளந்து கொடுக்கும் வருங்கால ஊரிலிருந்து, ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கதாநாயகன் தப்பிக்கிறான். 'ஒரே மூச்சில் படித்தேன்' என்று இணையத்தில் பலரும் எழுதியிருந்தார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

"கதவு மூடுது, ஒரு கெழவி பின்னாடியே ஓடி வர்றா, லாரி பறக்குது!" என்றேன்.

"நிப்பாட்டு," என்றார் பேச்சியம்மா அக்கா. "ஆளு ஏறாம வண்டிய எப்படி எடுப்பான்?"

"போலீசு துரத்துதுக்கா."

"துரத்தட்டும். அவ ஏறுனாளா, இல்லையா?"

எனக்குத் தெரியவில்லை. கிழவிக்கு நாவலில் இரண்டே வரி. வேகத்தில் தாண்டிப் போயிருந்தேன்.

சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது நல்ல மழை. அக்காவை மட்டும் காணோம். டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே காத்திருந்தார். செருப்பு அறுந்து வெறுங்காலோடு அக்கா வந்து சேர்ந்தார். நகர்ந்து இடம் கொடுத்தோம்.

வீட்டுக்குப் போனதும் நாவலின் கடைசிப் பக்கம் வரை தேடினேன். கிழவி திரும்ப வரவேயில்லை.

மறுநாள் ஜீப்பில் ஏறியதுமே அக்கா கேட்டார். "ஏத்தா, அந்தக் கெழவி ஏறிட்டாளா?"

"ஏறிட்டாக்கா. லாரிய நிப்பாட்டி ஏத்திக்கிட்டாங்க."

இப்போதெல்லாம் எந்த நாவலையும் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை. யாராவது விடுபட்டுப் போனார்களா என்று பக்கங்களைத் திருப்பிப் பார்க்கிறேன்.