ஃப்ரீசரில் ஒரு மல்கோவா டப்பா

இருபது வருஷமாக ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவன், ஒரு வருஷமாக என் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பயந்து கிடந்தேன். வெளியே சொன்னால் மானம் போகும். போகட்டும்.

காரணம் ஃப்ரீசரில் இருந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. இறப்பதற்குப் பத்து நாள் முன்பு என் மனைவி மல்கோவா மாம்பழத்தைக் கூழாக்கி அதில் அடைத்து வைத்தாள். மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டி எழுதியிருந்தாள்: ‘தொடாதீங்க. பாப்பாவுக்கு.’ பாப்பா, சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கும் எங்கள் மகள். தொடாதீங்க என்பது எனக்கு. கண்ணில் பட்டதை விட்டுவைக்காதவன் நான்.

இருந்தவரை அவள் பேச்சு ஒன்றையும் கேட்காதவன், இதை மட்டும் கேட்டேன். அவள் கை மூடிய மூடி அப்படியே இருக்கட்டும் என்று, மகள் வரும்போதெல்லாம் “ஃப்ரீசர் ரிப்பேரு, தொறக்காத” என்று புளுகினேன். சாயங்காலம் தனியாகச் சமையலறையில் நின்றால் ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கும். அவள் தொண்டையைச் செருமுவது போலவே இருக்கும். “தொடல, தொடல” என்று சொல்லிவிட்டுத்தான் தண்ணீர் எடுப்பேன். மாதத்தில் ஒரு நாள் உறுமல் ஓயவே ஓயாது. அன்றைக்கு என்மேல் கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில், பொருள் உறைவதைச் சமைத்தே காட்டுகிறேன் என்று வகுப்பில் வாயைவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கடையில் வாங்கிய ஐஸையும் கல்லுப்பையும் குண்டானில் கொட்டி, நடுவில் சர்க்கரை கலந்த பாலைத் தூக்குப்போசியில் வைத்து, சுற்றிக்கொண்டே இருக்கச் சொன்னேன். உப்புப் பட்டு உருகும் ஐஸ் பாலின் சூட்டை இழுத்துக்கொள்ளும்; பால் கட்டியாகும். விரல் மரத்துப்போய்க் கத்தினார்கள்.

ஐஸ் போதவில்லை. நான் தடுப்பதற்குள் ஒரு சிறுமி ஃப்ரீசரைத் திறந்துவிட்டாள்.

“இதென்னங்க சார், மஞ்சளா வழிஞ்சு கெடக்குது?”

டப்பா சாய்ந்திருந்தது. மூடியிடுக்கில் ஒழுகிய கூழ் அடுக்கடுக்காக உறைந்திருந்தது.

“கட்டியா இருந்தா வழியாதுங்களே சார். உருகுனாத்தான வழியும்? நீங்கதான சொன்னீங்க?”

“ஃப்ரீசருக்குள்ள எப்புடி உருகும்?” என்றேன், வாத்தியார் குரலில்.

“மாசாமாசம் ஒரு நாள் கரண்ட ஷட்டவுன் பண்றாங்களே சார், காலையில ஒம்பதுலருந்து அஞ்சு மணி வரைக்கும். எங்கூட்லயும் ஐஸெல்லாம் தண்ணியாப் போயிருது.”

அந்த நேரத்தில் நான் பள்ளியில் திடம், திரவம், வாயு என்று போர்டில் எழுதிக்கொண்டிருப்பேன். ஆளில்லாத வீட்டில் கூழ் மாதாமாதம் இளகி ஒழுகியிருக்கிறது. நான் திரும்பி வரும்போது ஃப்ரிட்ஜ் உறுமி உறுமி மறுபடி கெட்டியாக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் கோபம் என்று நினைத்து, ஒரு வருஷமாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

ஐஸ்கிரீம் நன்றாகவே வந்தது. பிள்ளைகள் கிண்ணத்தை வழித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு டப்பாவைத் திறந்தேன். புளித்த வாடை. எனக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் செருமியது. “தொட்டுட்டேன்” என்றேன்.

சாயங்காலம் மகள் லீவுக்கு வந்தாள். ரிப்பேர் புளுகு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைக் கையில் எடுத்து, எழுத்தைப் படித்தாள்.

“எனக்குன்னுதான எழுதியிருக்குது? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே தின்னிருப்பேன்ப்பா.”