வரவேற்புத் தட்டில் கற்கண்டு

சென்ற கிழமை சிதம்பரத்தில் ஒரு திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். மண்டப வாயிலில், பன்னீர்ச் செம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொறி நின்று மணப்புகை கக்கிக்கொண்டிருந்தது. சந்தனக் கிண்ணம் இருந்தது. குங்குமமும் இருந்தது. கற்கண்டுத் தட்டில் மட்டும் பளபளக்கும் தாள் சுற்றிய சாக்லேட்டுகள் கிடந்தன. "கற்கண்டு இல்லையா, அம்மா?" என்று தட்டருகே நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப யாரு தாத்தா வைக்கிறாங்க? எறும்பு வரும்" என்றாள்.

எறும்பைப் பற்றி எனக்கும் சிறிது தெரியும். அதற்கு முன் என் மகள் கயல்விழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அண்ணாமலை நகரில் ஆசிரியர் குடியிருப்பில் வாழ்ந்த காலம் அது. நான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த கயல்விழிக்கு நீரிழிவு வந்தது. நாளும் ஊசி, உணவுக்கு முன் ஊசி, வாழ்நாள் முழுவதும் ஊசி. இன்சுலினுக்குத் தூய தமிழ்ச்சொல் ஒன்றை ஆக்கி, அதையே மருந்துக்கடையில் கேட்டுவந்தேன். "சார், அது நம்மகிட்ட வர்றதில்ல, பெரியாஸ்பத்திரில கேட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் கைவிரித்தபின் என் மனைவியே மருந்து வாங்கத் தொடங்கினாள்.

உறவினர்கள் நோயின் பெயரைவிட அதன் காரணத்திலேயே ஈடுபாடு காட்டினர். "சின்னப் புள்ளைக்கு எப்படிங்க சுகர் வரும்? சாக்லேட்டு ஜாஸ்தி குடுத்துட்டீங்களா?" என்பது பொதுவான விசாரணை. என் மைத்துனனுக்கோ தொலைநோக்கு அதிகம். "மாமா, வெளிய மூச்சு விடாதீங்க. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேணாமா?" என்றான். பால்பற்களே முழுதாய் விழுந்து முடியாத பெண்ணின் திருமணத்தைக் காப்பாற்றும் பொருட்டு வீடே வாய்மூடிக் கிடந்தது. விருந்தினர் வந்தால் ஊசிகள் அரிசிப் பானைக்குள் ஒளிந்துகொள்ளும்.

இந்நிலையில்தான், கடலூரில் ஒரு மருத்துவர் இத்தகைய பிள்ளைகளுக்கும் பெற்றோருக்குமாகத் தேவனாம்பட்டினம் கடற்கரையருகே ஒரு கூடத்தில் முகாம் நடத்துவதாகச் செய்தி வந்தது. தங்கிப் பழக வேண்டிய முகாம். என் மனைவி அண்டை வீட்டு அம்மையாரிடம் கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். பனிக்கட்டி நிரப்பிய குடுவையில் மருந்து. மகள் தலையில் கனகாம்பரம். பொய்க்கு வேண்டிய ஒப்பனையெல்லாம் நிறைவாகவே இருந்தது.

கூடத்து வாயிலில் எங்களை எதிர்கொண்டது எது என்கிறீர்கள்? பன்னீர், சந்தனம், ஒரு தாம்பாளம் நிறையக் கற்கண்டு! நீரிழிவுப் பிள்ளைகளின் முகாமுக்குக் கற்கண்டு வரவேற்பு. நான் புருவத்தை உயர்த்தவே மருத்துவர் நெளிந்தார். "மரியாதைக்கு வைக்கிறது சார். இல்லன்னா வர்ற பெரியவங்க கோச்சுக்குவாங்க" என்றார். பிள்ளைகள் ஒவ்வொருவராய்த் தட்டைப் பார்த்துக் கைகூப்பிக் கடந்து சென்றனர். அத்தகைய துறவை நான் மடங்களில்கூடக் கண்டதில்லை.

முகாமில் முதலில், கை பழகுவதற்காக, ஊரார் ஆரஞ்சு என்னும் கிச்சிலிப் பழத்துக்கு ஊசி போடக் கற்றோம். என் பழம் கைதவறி உருண்டோடியது. பரங்கிப்பேட்டையிலிருந்து மகன் இஸ்மாயிலுடன் வந்திருந்த நூர்ஜகான் அதைப் பிடித்துக் கொடுத்தார். கணவர் துபாயில். குளிர்குடுவை மட்டும் அங்கிருந்து வந்திருந்தது. "நானும் ஊசின்னா கண்ண மூடிக்குவேன் அண்ணே. கை மட்டும் அது பாட்டுக்கு வேலையப் பாக்கும்" என்று ஆறுதல் சொன்னார். இஸ்மாயிலும் கயல்விழியும் வந்த நாளிலேயே கூட்டாளிகள் ஆயினர். யாருடைய வயிற்றில் ஊசித்தடம் மிகுதி என்பதே அவர்களுக்குள் வழக்கு. ஒளிக்க வேண்டியதை ஒருவருக்கொருவர் பீற்றிக்கொள்ளும் உலகம் ஒன்று இருப்பதை என் மனைவி வியப்போடு பார்த்திருந்தாள்.

நிறைவு நாளில் சிறப்பு விருந்தினர் வந்தார். மாவட்டத்தில் செல்வாக்கு மிக்கவர். நம் ஊரில் பந்தியையும் யாரேனும் திறந்துவைத்தால்தான் சோறு செரிக்கும் அல்லவா? ஆகவே உணவறை வாயிலில் நாடா கட்டியிருந்தார்கள். "அய்யா பாலத்தாண்ட வந்துட்டாரு" என்று ஒருவர் ஓடிவந்து சொன்னதை நம்பி, மருத்துவர் பிள்ளைகளுக்கு ஊசி போட இசைவு தந்தார். ஊசி போட்டால் அரைமணிக்குள் உண்ண வேண்டும், இல்லையேல் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரும் என்பது அவரே எங்களுக்கு நடத்திய முதற்பாடம்.

அய்யா வந்தார். வந்தபின்னும் சடங்கு என்னும் பாலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, போர்த்தியவர்களுக்கும் போர்த்தப்பட்டன. பின்னர் அவர் உரையாற்றத் தொடங்கினார். "புள்ளைங்களா, வாழ்க்கையில பொறுமைதான் முக்கியம்" என்றார். அடுத்த அறையிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. மேடையில் மருத்துவர் கடிகாரத்தையும் அய்யாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்தால் அவையடக்கம் போய்விடும்.

"அண்ணே, எம்புள்ளயப் பாருங்க" என்றார் நூர்ஜகான், என் தோளைத் தொடாத குறையாக. முன்வரிசையில் இஸ்மாயிலின் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. தலை ஒருபுறம் சாய்ந்தது. பக்கத்தில் என் மகளின் உதடுகளும் வெளுத்திருந்தன. நூர்ஜகான் உணவறைக்கு ஓடினார். குளுக்கோசு டப்பா அங்கேதான் இருந்தது. "ரிப்பன் வெட்டாம எப்படிம்மா உள்ள விடறது? செத்த இரும்மா, அய்யா முடிச்சிடுவாரு" என்று காவல் நின்றவர் கைநீட்டி மறித்தார். "யா அல்லா, அதுக்குள்ள எம்புள்ள முடிஞ்சிடுவான்யா!" என்று அவர் அலறினார். ஒலிபெருக்கியில் பொறுமையின் பெருமை தொடர்ந்தது.

நானோ, சான்றோர் உரையை இடைமறிப்பதற்கு ஏற்ற, மதிப்புக் குன்றாத ஒரு தொடரை மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். எழுவாய் கிடைத்துவிட்டது.

பயனிலை வருவதற்குள் கயல்விழி எழுந்துவிட்டாள். சற்றுத் தள்ளாடியபடி வாயிலுக்கு நடந்தாள். அய்யாவின் வரவேற்புக்கு அங்கே வைத்திருந்த கற்கண்டுத் தாம்பாளத்தைத் தூக்கி வந்தாள். இஸ்மாயிலின் வாயில் ஒரு துண்டைத் திணித்து, "மெல்லுடா, முழுங்காத, மெல்லு" என்றாள். தன் வாயில் ஒன்று. பிறகு வரிசை வரிசையாய் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீட்டினாள். கூடம் முழுவதும் நறநறவென்று கற்கண்டு உடைபடும் ஓசை. பேச்சு நின்றது. தட்டு என்றால் எல்லோருக்கும் நீட்ட வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பெண்; ஆகையால் மேடையேறி விருந்தினரிடமும் நீட்டினாள்.

அவர் குழைந்தார். "வேணாம் கண்ணு, எனக்கு சுகர் இருக்கு."

"எங்களுக்கும் சுகர்தாங்க அய்யா. ஊசி போட்டுட்டோம், சோறுதான் இன்னும் வரல."

அவர் முகம் மாறியது. "என்னா டாக்டரு, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீங்க பேசிட்டிருக்கும்போது எப்படிங்கய்யா..." என்று மருத்துவர் மென்று விழுங்கினார்.

அய்யா கத்திரிக்கோலுக்குக் காத்திருக்கவில்லை. விடுவிடுவென்று போய் நாடாவைக் கையாலேயே பிய்த்தெறிந்தார். "அய்யா, போட்டோவுக்கு இன்னொருவாட்டி" என்று கெஞ்சிய படப்பிடிப்பாளரை அவர் பார்த்த பார்வையை இங்கு எழுதுவதற்கில்லை. இஸ்மாயில் நிமிர்ந்து உட்கார்ந்து சோறு தின்று, மறுசோறும் கேட்டபோதுதான் நூர்ஜகான் முக்காட்டில் முகம் புதைத்து அழுதார். என் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பிய அன்று அண்டை வீட்டு அம்மையார் படலைத் திறந்துகொண்டு வந்தார். "கல்யாணம் ஜோரா? தாம்பூலப் பை எங்க?" என்றார். என் மனைவி கயல்விழியை அருகே இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கல்யாணம் இல்லீங்கக்கா. பொண்ணுக்கு சுகர். அதுக்கு ஒரு கேம்ப், அங்க போனோம்." ஊசிகள் அன்றே அரிசிப் பானையை விட்டு வெளியேறின.

மறுநாள் வகுப்புக்குக் கிளம்பும்போது கயல்விழி என் சட்டைப்பையில் கற்கண்டு போட்டாள். "எதுக்கம்மா?" என்றேன். "நீங்க என்னா பேசறதுன்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு சுகர் எறங்கிடும்பா. பேச வேணாம். இத எடுத்து என் வாயில போட்டுடுங்க, போதும்" என்றாள். அன்றுமுதல் அது நாள்தோறும் நடந்தது. நான் யாப்பு நடத்திக்கொண்டிருக்கையில் எறும்புகள் சட்டைப்பையிலிருந்து கழுத்துப்பட்டைக்குச் சீர் பிறழாமல் அணிவகுக்கும். மாணவர் கவனம் முழுவதும் அங்கேயே இருக்கும். சட்டையை உதறிப் போடச் சொல்லி மனைவி நாள்தோறும் வைவாள். கற்கண்டை மட்டும் அவளும் எடுத்ததில்லை.

மருத்துவர் மறைந்தார், முகாமும் அவரோடு போயிற்று. பெற்றோர் இப்போது கைப்பேசித் திரையில் கூடிக் கலைகிறார்களாம். இஸ்மாயில் தகப்பன் இருந்த துபாய்க்கே போய்விட்டான். கயல்விழி கோவையில் வேலை பார்க்கிறாள். அவள் கையில் ஒட்டிய சிறு வில்லை ஒன்று குருதியிலுள்ள சர்க்கரையை அளந்து என் கைப்பேசிக்கும் அனுப்புகிறது. அந்தத் திருமண மண்டபத்திலேயே கைப்பேசி கூவியது. எண் இறங்கியிருந்தது. பதறி அழைத்தேன்.

"சாப்ட்டுட்டேன்பா. மீட்டிங்ல இருக்கேன், வைங்க."

வைத்துவிட்டுக் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே இப்போது எறும்புகள் வருவதில்லை.