முதலில் வந்த பக்கம்

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய நண்பரைப் பார்த்தேன். “என்னப்பா, ஒங்க ஹெல்த் வெப்சைட் மறுபடி மேல வந்துருச்சாம்ல. ட்ரீட் எப்ப?” என்றார். வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? என் கோபம் அவர்மேல் இல்லை.

யார்மேல் என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஜமீலாவும் நானும் தமிழில் ஒரு மருத்துவ வெப்சைட் நடத்துகிறோம். மருத்துவம் அவர் பொறுப்பு. தலைப்பு வைப்பது, கூட்டம் சேர்ப்பது என் பொறுப்பு.

அதில் பாம்புக்கடி பற்றி ஜமீலா எழுதிய பக்கம்தான் எங்கள் பெருமை. கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட இடத்தை ஆட்டாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அவ்வளவுதான். போனில் யார் தேடினாலும் முதலில் அதுதான் வரும்.

வந்துகொண்டிருந்தது... தேடுபொறிக்காரர்கள் எதையோ மாற்றும்வரை. ஒரே வாரத்தில் எங்கள் வெப்சைட் மொத்தமும் கீழே போய்விட்டது. பாம்புக்கடிப் பக்கத்தைத் தள்ளித் தள்ளித் தேடி, அடியாழத்தில் கண்டுபிடித்தேன். பாம்பு கடித்தவன் அதுவரை தள்ளிக்கொண்டு இருப்பானா?

அந்தச் சமயத்தில்தான் முருகேசன் வந்தார். வடமதுரைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் விவசாயி. பூ எடுக்கும்போது அவர் மனைவி பாண்டியம்மாவைக் கையில் பாம்பு கொத்திவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. புண்ணுக்குக் கட்டு மாற்ற இருவரும் ஜமீலாவிடம் வந்திருந்தார்கள். பிரஷர் பார்க்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

“எதுக்குண்ணே கயித்தக் கட்டுனீங்க?” என்று கேட்டார் ஜமீலா.

“போன்ல பாத்தேம்மா,” என்றார் முருகேசன். “மொதல்ல வந்ததுல இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்துச்சு. எம்புட்டு இறுக்க முடியுமோ அம்புட்டு இறுக்கிட்டேன். பெறகு ஏதோ பச்சிலைய அரைச்சுக் குடுக்கச் சொல்லுச்சு. அதத் தேடிப் போனதுல செத்த நேரம் ஆயிப்போச்சு.”

அவர் சொன்ன செத்த நேரம்... ஒன்றரை மணி நேரம்.

“அவர ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. பதட்டத்துல செஞ்சுட்டாரு,” என்றார் பாண்டியம்மா.

அவரை யார் என்ன சொல்வது? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதை எழுதியவன் யார்? பெயர் இல்லை. அதை முதலில் கொண்டுவந்து நிறுத்தியது? ஒரு மெஷின். மெஷினின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது?

எங்கள் பக்கத்தை எப்படியாவது மேலே கொண்டுவர வேண்டும் என்று, இதற்கென்றே இருக்கும் ஒரு நிபுணருக்குப் போன் போட்டேன்.

“டாக்டரோட பேரும் போட்டோவும் மட்டும் குடுங்க சார். ஏஐ வச்சு தினம் பத்துக் கட்டுரை ஏத்திருவோம்.”

“டாக்டர் அதைப் படிக்க வேண்டாமா?”

“அவங்களுக்கு எதுக்கு சார் சிரமம்?”

நான் அடுத்துச் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

அதே சூட்டோடு ஜமீலாவிடம் போய்க் கொட்டினேன். தேடுபொறி, நிபுணர், பெயரில்லாத அந்த ஆள் – ஒருவரையும் விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜமீலா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எங்கள் வெப்சைட்தான்.

“இதெல்லாம் யாருண்ணே எழுதுனது?”

‘ஏழே நாளில் சிவப்பழகு.’ ‘தொப்பை கரைய ஒரே ஒரு டம்ளர்.’ ‘சுகரை விரட்டும் மூன்று இலைகள்.’

யார் எழுதியது? நான்தான். ஜமீலாவுக்கு அதையெல்லாம் காட்டவே இல்லை. இதைப் படிக்க வருகிற கூட்டம் பாம்புக்கடியையும் படிக்கும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

“மூணு இலைய நம்பி யாராச்சும் சுகர் மாத்திரைய நிறுத்தியிருந்தா? கயித்தக் கட்டச் சொன்னவருக்கும் நமக்கும் என்னண்ணே வித்தியாசம்?”

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

அன்றே அழிக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் போனது. மிச்சமிருந்ததை ஜமீலா வரி வரியாகப் படித்துத் திருத்தி, தன் பெயரையும் படிப்பையும் சரிபார்த்த தேதியையும் போட்டார். உடனே பலன் கிடைத்ததா? இருந்த வாசகர்களும் குறைந்தார்கள். மாதக்கணக்கில் ஒரு அசைவும் இல்லை. பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நாங்கள் குப்பையை அள்ளியதாலா, அவர்கள் மறுபடி எதையோ மாற்றியதாலா? தெரியாது. தெரியும் என்று சொல்பவர்களிடம் விற்பதற்கு ஏதாவது இருக்கும்.

இப்போது பாம்புக்கடிப் பக்கம் இரண்டாவதாக வருகிறது.

முதலாவது? கயிறு கட்டச் சொல்லும் அதே பக்கம். ‘இது தவறு’ என்று தேடுபொறிக்குப் புகார் அனுப்பினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. மறுநாளும் அனுப்பினேன். மறுபடியும் நன்றி. தினமும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

பாண்டியம்மா மறுபடி பூ எடுக்கப் போகிறார். வலது கையில் மூன்று விரல்கள்.

பாண்டியம்மாவின் விரல்கள் போன கதையை மட்டும் முன்பு இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். தேடுபொறியைத் திட்டி எனக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. என்னைத் திட்டி ஒன்றுகூட வரவில்லை... அதனால் இந்த வாரம் நானே எழுதிவிட்டேன்.